மீட்டர் இறங்கினா சந்தோஷப்படாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எழுதினா என் மானம் போகும், அதான் காரணம். போன வாரம் ஆபீஸ்ல கூட ஆணி புடுங்குற பையன் ஒருத்தன் வந்தான். பழைய கமாரோ ஒண்ணு வாங்கியிருக்கானாம். "புது இன்டேக் மேனிஃபோல்டு வந்துடுச்சு. தெர்மோஸ்டாட் போடணுமா, இல்லாமலே ஓட்டலாமா? இந்த டெம்பரேச்சர் சென்சரை எந்த ஓட்டைல மாட்டுறது?"ன்னு கேட்டான். காபி ஆறிப்போற வரைக்கும் நிக்க வெச்சுப் பேசினேன். பாவம், ஒரு வரில பதில் எதிர்பார்த்து வந்தவன். அவன்கிட்ட சொல்லாம முழுங்கின பாதியையும் சேர்த்து இங்க எழுதிடறேன்.

படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது ஜாவா. டல்லாஸ் பக்கம் குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சிட்டு ஒரு ஸ்பேனரைக் கூடத் தொடாம இருக்கோமேங்கிற குற்ற உணர்ச்சில, 80கள்ல வந்த ஒரு ஷெவர்லே பிக்கப் வாங்கினேன். உள்ள இருக்கறது ஷெவி 350, அதாவது 5.7 லிட்டர் வி-8. 1955ல 265 கன அங்குலமா ஆரம்பிச்ச குடும்பம் இது. 350 வந்தது 1967ல. அமெரிக்கால இந்த எஞ்சினுக்கு சாமான் வாங்கறது நம்மூர்ல கொத்தமல்லிக்கட்டு வாங்கற மாதிரி. யார் வேணா செய்வாங்க, எங்க வேணா கிடைக்கும். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான்.

பழைய கார்புரேட்டரைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போடலாம்னு முடிவு. அதுக்காக வெளிச் சந்தையில அலுமினியம் இன்டேக் ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அவங்க மேல இல்ல.

இப்பத்த கார்கள்ல நிறைய எஞ்சினுக்கு இன்டேக்ல காத்து மட்டும்தான் போகும். இந்த 350ல தண்ணியும் போகும். பம்ப் தண்ணியை பிளாக்குக்குள்ள தள்ளும், அது ரெண்டு சிலிண்டர் ஹெட்டு வழியா மேல ஏறி, இன்டேக்கோட முன்பக்கத்துல ஒண்ணு சேர்ந்து, அங்க உக்காந்திருக்கிற தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, மேல் ஹோஸ் வழியா ரேடியேட்டருக்குப் போகும். அதனால இன்டேக்கை மாத்தறவன் காத்து வேலை மட்டும் செய்யல, தண்ணி வேலையும் சேர்த்து செய்யறான். எனக்கு இது அப்ப உறைக்கல. நான் கவலைப்பட்டதெல்லாம் குதிரைத்திறனைப் பத்தி மட்டும்தான்.

புது இன்டேக்ல தெர்மோஸ்டாட்டைச் சுத்தி மூணு நாலு மரை போட்ட ஓட்டைங்க இருக்கும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. கால் இன்ச் முக்கா இன்ச்னு நம்ம வீட்டு பைப் கணக்குதான், மரை மட்டும் சரிவா இறங்கும். எதுல ஹீட்டர் பைப்பு, எதுல கம்ப்யூட்டருக்கான சென்சர், எதுல டேஷ்போர்டு மீட்டருக்கான சென்சர்னு முடிவு பண்ண வேண்டியது நாமதான். என் சென்சரோட மரை 3/8. கைக்கு எட்டின ஓட்டையோ 3/4. என்ன பண்ணுவோம்? கடைல போய் ரெண்டு ரெட்யூசர் புஷ் வாங்கினேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள சென்சர். அழகா உக்காந்துச்சு. ஒழுகல. வேலை முடிஞ்சதுன்னு கையைக் கழுவிட்டேன்.

கவனிச்சீங்களா? ரெண்டு புஷ் போட்டதுல சென்சரோட மூக்கு ஓடற தண்ணில இல்ல. புஷ்ஷுக்குள்ள, ஓட்டத்துக்கு மேல ஒரு சின்னப் பொந்துல ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. சிஸ்டம் நிறைய தண்ணி இருக்கற வரைக்கும் அந்தப் பொந்துலயும் தண்ணி இருக்கும், நம்பரும் ஏறக்குறைய சரியா வரும். அதனால யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரல.

இதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. பழைய வண்டில டேஷ்போர்டு மீட்டருக்குன்னு ஷெவர்லேகாரன் தனியா ஒரு சென்சர் வெச்சிருந்தான். டிரைவர் பக்கத்து சிலிண்டர் ஹெட்ல, முன்னாடி ரெண்டு ஸ்பார்க் பிளக்குக்கு நடுவுல. இன்ஜெக்‌ஷன் கிட்டோட அழகான டிஜிட்டல் திரை வந்துச்சு, அதுல எல்லாமே தெரியுது. அப்புறம் எதுக்கு அந்த பழைய முள்ளுன்னு அதோட ஒயரைப் பிடுங்கி டேப் சுத்தி விட்டுட்டேன். கூடவே, ரேடியேட்டர் ஃபேனையும் எலக்ட்ரிக்கா மாத்தி, அதே கம்ப்யூட்டர் கையில கொடுத்தேன். 195 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தா ஃபேன் ஓடு, 185க்கு இறங்கினா நில்லு. ஆக ஒரே ஒரு சென்சர். பெட்ரோல் எவ்ளோன்னு முடிவு பண்றதும் அதை வெச்சுதான், ஃபேன் ஓடறதும் அதை வெச்சுதான், நான் நிம்மதியா இருக்கறதும் அதை வெச்சுதான். ஆபீஸ்ல எவனாவது இப்படி ஒரு டிசைன் கொண்டு வந்தா ரிவ்யூல கிழிகிழின்னு கிழிப்பேன்.

தண்ணி வெளிய போற வழில மேல் ஹோஸ் மாட்டற ஒரு கழுத்து இருக்குமே, அதுக்கு பளபளன்னு குரோம் பூசினது ஒண்ணு வாங்கினேன். பழைய வார்ப்பு கழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுக்கு அழகா இல்ல, அவ்ளோதான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இந்த நேரத்துலதான் அப்பா ஊர்ல இருந்து வந்தார். எங்க ஊர் பரமத்தி வேலூர் பக்கம். அப்பா இருபது வருஷம் லாரி ஓட்டினவர், அப்புறம் ரெண்டு லாரி சொந்தமா வெச்சிருந்தவர். காராஜுக்குள்ள வந்து எஞ்சினை ஒரு சுத்து பார்த்தார். "இதென்ன கண்ணு, தெர்மாஸ்டாட்டு போட்டிருக்கறயா? இந்த வெய்யிலுக்கு அதெதுக்கு? கழட்டி வீசு. நாங்கெல்லாம் லாரி வாங்குனா மொத வேலை அதான்"னார்.

நம்மூர் மெக்கானிக்குங்க பாதிப் பேர் சொல்றதும் இதேதான். வண்டி சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டு. இதை நான் ஒத்துக்கவே மாட்டேன், இன்னிக்கும். தெர்மோஸ்டாட் என்ன செய்யுது? உள்ள ஒரு சின்ன கிண்ணத்துல மெழுகு. சூடானா மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளும், ஆறினா ஸ்பிரிங் மூடிடும். மின்சாரம் கிடையாது, ஒயர் கிடையாது. 1930கள்ல செர்ஜியஸ் வெர்னேங்கிறவர் கொண்டு வந்த யோசனை, இன்னிக்கு வரைக்கும் கார்ல ஓடுது. 180ன்னு முத்திரை குத்தியிருந்தா அந்த சூட்டுல (நம்ம கணக்குல 82 டிகிரி) திறக்க ஆரம்பிக்கும், இன்னும் எட்டு பத்து டிகிரி செல்சியஸ் ஏறினா முழுசா திறந்திருக்கும். அதோட அது வேலை முடிஞ்சது. எஞ்சின் இதுக்குக் கீழ ஆறிடாம பாத்துக்கறதுதான் அதோட பொறுப்பு. இதுக்கு மேல போகாம பாத்துக்கறது ரேடியேட்டர், ஃபேன், பம்ப் இவங்க பொறுப்பு. அணை ஷட்டரை முழுசாத் திறந்து விட்டப்புறமும் வெள்ளம் வந்தா ஷட்டரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கழட்டிட்டா என்ன ஆகும்? எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும். ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகிப் போகாது. இன்ஜெக்‌ஷன் வண்டின்னா கம்ப்யூட்டர் "இன்னும் குளிரா இருக்கு போல"ன்னு நெனச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும், அது சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவி எடுக்கும். சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில இன்னொரு தட்டு இருக்கும், சூடானதும் பைபாஸ் வழியை அது அடைக்கும். அந்த மாதிரி எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டைக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழில உள்ளேயே சுத்தும், சூடு இன்னும் ஏறும். குளிர்ச்சிக்குன்னு கழட்டி சூட்டை வாங்கிக் கட்டிக்கறது! இங்க அமெரிக்காலயும் இதுக்கு ஒரு அண்ணன் தம்பி உண்டு: 180ஐக் கழட்டிட்டு 160 போட்டா வண்டி குளுகுளுன்னு ஓடும்னு ஒரு கோஷ்டி. அடைப்பு இருக்கற ரேடியேட்டரோட 160 போட்டா, 230 டிகிரிக்குப் போறதுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டாகும். அவ்ளோதான் லாபம்.

இதையெல்லாம் அப்பாகிட்ட கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையா கேட்டார். "நீ படிச்சவன், சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னார். அவர் ஒத்துக்கலன்னு அர்த்தம்.

ஜூலை மாசம். ஆஸ்டின்ல சித்தப்பா பொண்ணு வீடு கிரகப்பிரவேசம். என் கார்ல போயிருக்கலாம். ஆனா நான் கட்டின வண்டில அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு ஆசை. அப்பா வெள்ளை வேட்டி சட்டைல ஏறி உக்காந்தார். ஐ-35ல ஹில்ஸ்பரோ தாண்டி, வேகோ வர்றதுக்கு முன்னாடி ரோட்டு வேலை. எப்பவும் நடக்கற ரோட்டு வேலைதான். வண்டிங்க எல்லாம் ஊர்ந்துக்கிட்டிருக்கு. வெளிய 104, நம்ம கணக்குல 40 டிகிரி.

திரைல 198. ஃபேன் சத்தம் கேக்குது. அப்பா மூக்கை உறிஞ்சினார். "கண்ணு, பாகு காய்ச்சற வாசம் வருது"ன்னார்.

எங்க ஊர்ப் பக்கம் கரும்பாலைங்க நிறைய. வெல்லப்பாகு வாசனை அப்பாவுக்கு ரத்தத்துல ஊறினது. நான் சிரிச்சுட்டேன். "டெக்ஸஸ்ல ஏதுங்ப்பா ஆலை? பக்கத்துல ஏதாவது பார்பிக்யூ கடையா இருக்கும்"னேன். மறுபடி திரையைப் பார்த்தேன். 191. கொஞ்ச நேரத்துல 184. ஃபேன் நின்னுடுச்சு. "பாருங்ப்பா, இந்த டிராஃபிக்லயும் சூடு இறங்குது. தெர்மோஸ்டாட் இருக்கறதாலதான்"னு வேற சொன்னேன். இதை எழுதும்போது கூட காது சூடாகுது.

"இல்ல சாமி, ஓரங்கட்டு. வண்டில என்னமோ சரியில்ல"ன்னார். நான் திரையைக் காட்டினேன். 176. "மீட்டரை நம்பாம எதைங்ப்பா நம்பறது?" இன்னும் ஒரு மைல் ஓட்டியிருப்பேன். எஞ்சின்ல கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சு, ஆக்சிலேட்டரை மிதிச்சா இழுக்கல, அப்புறம் பானெட் ஓரத்துல வெள்ளைப் புகை.

இறங்கி பானெட்டைத் தூக்கினேன். அந்த குரோம் கழுத்தோட அடியில இருந்து கூலன்ட் பீச்சி எஞ்சின் பூரா பச்சைப் பச்சையா காய்ஞ்சு கெடந்துச்சு. பதட்டத்துல ரேடியேட்டர் மூடி மேல கையை வெச்சேன். "கையை எட்றா!"ன்னு ஒரு சத்தம். என்னை அப்பா அப்படி அதட்டினது கடைசியா எட்டாங்கிளாஸ்ல. மணிக்கட்டைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்தார். அந்த மூடிங்க ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கற மாதிரி செஞ்சது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணி அந்த அழுத்தத்துல 129 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடில அழுத்தம் போய் அத்தனையும் கொதிச்சு முகத்துல அடிக்கும். நான் புத்தகத்துல படிச்சு மார்க் வாங்கினது. அவர் யாரோ ஒரு கிளீனர் பையன் வெந்துபோனதைப் பார்த்தவர்.

டோ வண்டி வர ஒன்றரை மணி நேரமாச்சு. நிழல்னு ஒண்ணு கிடையாது. அப்பாவுக்கு வயசு 63, பிரஷர் மாத்திரை சாப்பிடறவர். பாதி நேரத்துக்கு மேல தலை சுத்துதுன்னு புல்லுல உக்காந்துட்டார், வேட்டியெல்லாம் மண்ணு. இருந்த ஒரு பாட்டில் தண்ணியை அவர் தலைல ஊத்தினேன். பின்னாடி வந்த ஒரு புண்ணியவான் வண்டியை நிறுத்தி ஏசில உக்கார வெச்சார். பாழாப்போன எஞ்சினை மாத்திக்கலாம். அந்த இருபது நிமிஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம் பிரிச்சுப் பார்த்தேன். குரோம் கழுத்தோட அடிப்பக்கம் சமமா இல்ல, ஓ-ரிங் ஒரு ஓரத்துல சரியா அழுந்தல. சூட்டுல கசிஞ்சு, கசிஞ்சு, கடைசில பீச்சிடுச்சு. இந்த எஞ்சின்ல தண்ணி இருக்கற உயரமான இடமே தெர்மோஸ்டாட் இருக்கற இன்டேக் முன்பக்கம்தான். தண்ணி குறைஞ்சா மொதல்ல காயறதும் அதுதான். என் சென்சரோ அதுக்கும் மேல ஒரு பொந்துல. தண்ணி போனதும் சென்சர் ஆவிக்கும் காத்துக்கும் நடுவுல அந்தரத்துல தொங்கிச்சு. தண்ணி மாதிரி ஆவி சூட்டைக் கடத்தாது. ஹெட்டு வெந்துக்கிட்டிருக்கு, சென்சர் "176, எல்லாம் நலம்"ங்குது. அதை நம்பி கம்ப்யூட்டர் ஃபேனை நிறுத்திச்சு. அதை நம்பி நான் அப்பா பேச்சைக் கேக்கல. கூலன்ட்ல இருக்கற கிளைகாலுக்கு இனிப்பு வாசனை. பாகுன்னு அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ரெண்டு ஹெட் கேஸ்கட்டும் போச்சு. இடது ஹெட்டுல வால்வுக்கு நடுவுல விரிசல். மெஷின் ஷாப் பில்லு 1,400 டாலர்.

என் ஆபீஸ் வேலைல இதை நான் தினம் பார்க்கறேன். சர்வரைக் கண்காணிக்கற புரோகிராமே செத்துப்போனா திரைல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். அதுக்காக 'தகவல் வரல'ங்கறதுக்கும் ஒரு அலாரம் வெப்போம். வண்டில அந்த புத்தி வரல.

அதனால என் கட்சி இது. இன்டேக் மாத்தறவங்க சென்சருக்கு ஓட்டையைத் தேடாதீங்க, இடத்தைத் தேடுங்க. கம்ப்யூட்டர் சென்சர் தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கம், ஓடற தண்ணில மூக்கு முங்கற மாதிரி இருக்கணும். தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம், கழுத்துல மாட்டினா, வால்வு திறக்கற வரைக்கும் ஆறின தண்ணியைத்தான் அது பார்க்கும். அளவு சேரலைன்னா ரெட்யூசருக்கு மேல ரெட்யூசர் போடறதை விட, சரியான அளவு ஓட்டை இருக்கற இன்டேக்கை வாங்குங்க; இல்ல நீள மூக்கு சென்சர் தேடுங்க. டேஷ்போர்டு மீட்டருக்கு வேற சென்சர், வேற இடம். ரெண்டையும் ஒரே சென்சர்ல இருந்து இழுக்காதீங்க, ஒண்ணோட கரண்ட் இன்னொண்ணோட கணக்கைக் கெடுக்கும். மீட்டர் சென்சர் ஒத்தை ஒயர் வகையா இருந்தா மரைல டெஃப்லான் டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தாதீங்க. அதுக்கு எர்த் கிடைக்கறதே அந்த மரை வழியாத்தான், எர்த் கெட்டா சூடு குறைவாக் காட்டும். மறுபடியும் அதே நிம்மதி!

மாட்டறதுக்கு முன்னாடி அடுப்புல ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு சோதிச்சுடலாம். என்கிட்ட இருக்கற மாதிரி ஜி.எம். ரெண்டு ஒயர் சென்சர்னா சாதாரண அறைச் சூட்டுல, 20 டிகிரில 3,500 ஓம் சொச்சம், கொதிக்கற தண்ணில 177 ஓம் பக்கம் காட்டணும். அதே தண்ணில தெர்மோஸ்டாட்டையும் நூல்ல கட்டித் தொங்க விட்டா எப்ப திறக்குதுன்னு கண்ணால பாக்கலாம். ரசம் வைக்கிற பாத்திரம் வேண்டாம், வீட்டுல அடி விழும். தெர்மோஸ்டாட்டோட விளிம்புல 3 மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை போட்டுட்டா, தண்ணி நிரப்பும்போது அடியில மாட்டற காத்து வெளிய போயிடும்.

"சென்சரை சரியான இடத்துல வெச்சாலும் தண்ணியே இல்லைன்னா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஃபோர்டுகாரங்க பல எஞ்சின்ல தண்ணியை அளக்கறதை விட்டுட்டு சிலிண்டர் ஹெட்டோட உலோகத்தையே அளக்கறதுக்கு மாறினது இதுக்குத்தான். உலோகம் எங்கயும் ஓடிப்போகாது. சூடு எல்லை மீறினா கம்ப்யூட்டர் சில சிலிண்டருக்கு பெட்ரோலை நிறுத்தி, வெறும் காத்தை உறிஞ்ச விட்டு ஆறவைக்கும். நம்ம பழைய ஷெவர்லே அவ்ளோ புத்திசாலி இல்ல. ஆனா ஹெட்டுக்குள்ள, ஸ்பார்க் பிளக் பக்கத்துல ஒரு சென்சர் வெச்சிருந்தானே, அந்த இடம் எவ்ளோ யோசிச்சு வெச்ச இடம்னு இப்பதான் புரியுது. சூடு பொறக்கற இடத்துக்குப் பக்கத்துல, இன்டேக்கை விட நல்லா கீழ, கடைசி வரைக்கும் தண்ணி நிக்கற இடம். நான் அதோட ஒயரைப் பிடுங்கி டேப் சுத்தினவன்.

வண்டி இப்ப ஓடுது. ஹெட்டுல பழைய இடத்துலயே புது சென்சர், முள்ளு வெச்ச மீட்டர். அதுக்கும் திரைல வர்ற நம்பருக்கும் வித்தியாசம் அதிகமாச்சுன்னா ஓரங்கட்டிடுவேன். கழுத்து, வண்டியோட வந்த அதே வார்ப்பு கழுத்து. தெர்மோஸ்டாட் 180, கழட்டல, கழட்டவும் மாட்டேன்.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப அந்த தெர்மாஸ்டாட்டை மட்டும் இன்னும் கழட்டல?"ன்னார். இல்லீங்ப்பான்னேன். வர்ற மே மாசம் மறுபடி வர்றார். இந்த தடவை வேட்டி வேண்டாம், பேன்ட்டு எடுத்துட்டு வர்றாராம். உன்ற வண்டியை நம்ப முடியாதுங்கறார் :-)